பூட்டுப் புத்தகத்தை எடுத்துப்போனவர்

ஜனவரி 9

தம்பிக்கு,

போனில் பேசலாம் என்றால் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். மின்னஞ்சல் அனுப்பினால் படிக்காமலே தள்ளிவிடுவாய். ஆனால் ஒட்டிய கவரைப் பிரிக்காமல் இருக்க உன்னால் முடியாது. சின்ன வயதில் பக்கத்து வீட்டுக்கு வந்த கவரையே வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தவன் நீ. அதனால்தான் கடிதம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் நூலகத் தொழில்நுட்பச் சங்கத்துக்கு இந்த வருஷம் நான் செயலாளர். ஜூனில் மாநாடு. இடம் தருவதாகச் சொன்ன கல்லூரிக்காரர்கள் அரங்கத்தின் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டு, "அடுத்த வருஷம் பார்க்கலாம் மேடம்" என்கிறார்கள். செலவை ஏற்கவும் ஆள் இல்லை. போன வருஷம் ஏற்றுக்கொண்டது உன் கம்பெனி. திரும்பவும் அங்கே போய்க் கேட்கிற துணிச்சல் எனக்கே கிடையாது.

ஏறாத படி இல்லை. ஒரு டைல்ஸ் கம்பெனிக்காரர் எல்லாச் செலவையும் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பதிலுக்கு வருகிற நூலகங்கள் எல்லாம் தரையைப் பெயர்த்துவிட்டு அவருடைய டைல்ஸைப் போட வேண்டுமாம். ஒரு ஓட்டல் முதலாளி மட்டும், "அப்படி என்னம்மா பேசுவீங்க?" என்று கேட்டார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒரே பெயரில் இரண்டு எழுத்தாளர்கள் இருந்தால் கணினி எப்படிப் பிரித்து அறியும் என்பதையே அரை நாள் பேசுவோம் என்றேன். அவர் காபி வரவழைத்துக் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டார்.

இந்த மாநாட்டில்தான் எங்கள் இலவச மென்பொருளைச் சின்ன நூலகங்களுக்குக் கற்றுத் தரப்போகிறோம். ஒரே அறை, ஒரே ஆள் என்று நடக்கிற நூலகங்கள். மாநாடு நடக்காவிட்டால் அவர்கள் வேறு வழியில்லாமல் காசு கொடுத்து உன் கம்பெனியின் மென்பொருளுக்கு ஒப்பந்தம் போட்டுவிடுவார்கள். இதற்கு நீ உதவ வேண்டிய அவசியமே இல்லை. தெரிந்துதான் கேட்கிறேன். ஆலை ஆலையாக நீ போய்வருவதாக உன் மனைவி சொன்னாள். நல்ல அரங்கமும் கொஞ்சம் கிறுக்கும் உள்ள முதலாளி யாராவது கண்ணில் பட்டால் சொல்.

அக்கா

ஜனவரி 21

அக்காவுக்கு,

கவரைப் பிரித்தேன். வெற்றி உனக்குத்தான்.

போன வருஷம் உன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மாமா கை கழுவப் போயிருந்த நேரமாகப் பார்த்து உன்னிடம் மட்டும் ஒன்று சொன்னேன். வாசகர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகும், யார் எதைப் படித்தார் என்ற விவரத்தை எங்கள் மென்பொருள் அழிக்காமல் வைத்துக்கொள்கிறது என்று. அடுத்த வாரம் நீ அதை மாநாட்டு மேடையில் போட்டு உடைத்தாய். உடைத்தது சரிதான். எனக்கும் உறுத்தியதால்தானே உன்னிடம் சொன்னேன். ஆனால், "இதை என்கிட்ட சொன்னது அங்கேயே வேலை பார்க்கிற என் தம்பி" என்று ஏன் சொன்னாய்?

அரங்கமே திரும்பி என்னைப் பார்த்தது. எங்கள் இயக்குநர் எனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் கம்பெனி என்னை இந்த ஊருக்குத் தூக்கிப் போட்டது உனக்குத் தெரியும். தெரியாதது இது: மகள் புதுப் பள்ளியில் மத்தியானம் தனியாகத்தான் சாப்பிடுகிறாள். என் மனைவிக்கு இங்கே இன்னும் வேலை கிடைக்கவில்லை. நான் கிடங்குகளில் நட்டு போல்ட்டு இருப்பைப் பார்க்கிற மென்பொருளை விற்கிறேன்.

உதவ மாட்டேன் என்று எழுதி முடிக்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இங்கே ஒரு விஷயம் நடந்திருக்கிறது. உன்னிடம் சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

நான் போகிற இடங்களில் ஒரு பூட்டுக் கம்பெனி உண்டு. முதலாளியம்மா தன் புதுப் பூட்டை உங்கள் ஊர்த் தொழிற்கண்காட்சியில் ஒரு மேசையில் சங்கிலி போட்டு வைத்திருந்தார். சாவியில்லாமல் திறப்பவருக்குப் பரிசு. வந்தவன் போனவன் எல்லாரும் குடைந்து பார்த்துத் தோற்றார்கள். கடைசி நாள் மத்தியானம் ஆட்கள் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், பூட்டு திறந்து கிடக்கிறது! ஒரு கீறல் கிடையாது. திறந்தவர் பரிசையும் கேட்காமல் போய்விட்டார்.

காவலாளி தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். முகத்தில் மாஸ்க், கழுத்தில் மஃப்ளர். ஆணா பெண்ணா என்றே அவருக்குத் தெரியவில்லை. கையில் மட்டும் பூட்டுகளைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று, அதன் முதுகில் உங்கள் நூலகத்துப் பெரிய ஸ்டிக்கரோடு.

"எங்க அக்கா அங்கதான் வேலை பார்க்கிறாங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அந்தம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். பேச்சு வளர்ந்து உன் மாநாட்டில் போய் நின்றது. அவரிடம் பெரிய பயிற்சி அரங்கம் இருக்கிறது, விடுதி இருக்கிறது. "இடம், சாப்பாடு, தங்கல், எல்லாம் என் பொறுப்பு. என் பேனர்கூட வேண்டாம். அந்தப் புத்தகத்தை எடுத்துட்டுப் போனது யாருன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க" என்கிறார்.

சொல்லிவிட்டேன். இனி உன் பாடு.

தம்பி

ஜனவரி 30

தம்பிக்கு,

உன் மகள் தனியாகச் சாப்பிடுகிறாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த வரியிலேயே வெகுநேரம் நின்றுவிட்டேன்.

இப்போது பூட்டு. உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். போனதும் முதல் காரியமாகப் புத்தகத்தைத் தேடினேன். எங்களிடம் அது ஒரே பிரதிதான். அலமாரியில் இல்லை, வெளியே போயிருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிட்டால் எடுத்தவர் பெயரை எங்கள் கணினி தானாக அழித்துவிடும். இன்னும் கொடுக்கவில்லை. அப்படியென்றால் பெயர் உள்ளே இருக்கிறது. ஒரு தட்டு தட்டினால் திரையில் வந்து நிற்கும்.

கவுண்ட்டரில் உட்காரும் அம்மாவிடம் கதையைச் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்துவிட்டார். "நாம ஒண்ணும் யாருக்கும் சொல்ல வேண்டாம். நாம மட்டும் பார்ப்போமே" என்றார். எனக்கும் விரல் துடித்தது. முகத்தைக்கூடக் காட்டாமல் வந்து, உலகத்தில் யாராலும் திறக்க முடியாததைத் திறந்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல நடந்து போனவர் எப்படி இருப்பார்? தினமும் என்னிடம் "ஃபேன் போடுங்க" என்று சொல்கிறவராக இருக்குமோ?

பார்க்கவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். அந்த அம்மா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

பெயரைத் தர முடியாது என்று முதலாளியம்மாவிடம் சொல்லிவிடு. மாநாடு போனால் போகட்டும் என்று எழுதப் பார்க்கிறேன், கை வரவில்லை. போகக் கூடாது. ஆனால் பெயர் கிடையாது.

அக்கா

பிப்ரவரி 8

அக்காவுக்கு,

சொன்னேன். அந்தம்மா சிரித்தார். சிரிப்பு நின்றதும், "பெயர் இல்லேன்னா அரங்கமும் இல்லை" என்றார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்தப் பூட்டைக் கடைகளுக்கு அனுப்பாமல் நிறுத்தி வைத்திருக்கிறார். எங்கே ஓட்டை என்று தெரியாமல் எப்படி விற்பது? அவருடைய பொறியாளர்கள் பூட்டைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருக்கிறார்கள், ஒன்றும் பிடிபடவில்லை.

அது கிடக்கட்டும். உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? முகம் தெரியாத யாரோ ஒருவர். அவர் பெயரை வெளியே விடக் கூடாது என்று எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாய். மாநாட்டையே விடத் தயாராகிவிட்டாய். நான் உன் கூடப் பிறந்தவன். என் பெயருக்காக ஒரு தம்ளர் தண்ணீர் நீ குடித்திருக்கலாமே.

என் மனைவி இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, "இதை அனுப்பணுமா?" என்று கேட்டாள். அனுப்புகிறேன்.

தம்பி

பிப்ரவரி 19

தம்பிக்கு,

"பெயர் சொல்லாவிட்டால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்" என்று எழுதினேன். கிழித்துவிட்டேன். அது உண்மைதான். ஆனால் நீ அதே அரங்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாய். மேடை ஏறுவதற்கு முன்னால் உன்னிடம் வந்து, "சொல்லட்டுமாடா?" என்று கேட்க எத்தனை நேரம் ஆகியிருக்கும்? கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

பூட்டு விஷயத்தில் ஒன்று செய்திருக்கிறேன். வெளியே போன புத்தகத்துக்கு வேறு யாராவது காத்திருந்தால், அதை வைத்திருப்பவருக்கு எங்கள் கணினி ஒரு குறுஞ்செய்தி அனுப்பும். அனுப்புகிற எங்களுக்கு அது யாருக்குப் போகிறது என்று தெரியாது. அந்தப் பகுதியை எழுதியதே நான்தான். செய்தியின் வாசகத்தை மட்டும் மாற்றலாம்.

தலைமை நூலகரிடம் போய்க் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடியும் கழற்றினார். "நாளைக்கு வாங்க" என்றார். மறுநாள், "பதில் சொல்லலேன்னாலும் ஒண்ணும் ஆகாதுன்னு எழுதணும். முதல் வரியிலேயே எழுதணும்" என்றார். அப்படியே எழுதினேன்:

"இதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நீங்கள் யார் என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் பார்க்கவும் இல்லை. பூட்டு செய்கிறவர் உங்களைச் சந்தித்துப் பேச ஆசைப்படுகிறார். விருப்பம் இருந்தால் நூலகத்துக்குத் தெரிவியுங்கள். இல்லையென்றால் புத்தகத்தை வழக்கம்போலத் திருப்பிக் கொடுங்கள்."

அனுப்பு என்று அழுத்தினேன். போய்விட்டது. எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது. கவுண்ட்டர் அம்மா கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார். புத்தகத்தோடு யார் உள்ளே வந்தாலும் அட்டையைப் பார்க்க எட்டி எட்டிக் கழுத்து சுளுக்கிக்கொண்டுவிட்டது.

அக்கா

பிப்ரவரி 27

அக்காவுக்கு,

உன் கடிதத்தின் முதல் பாராவை மடித்து வைத்துவிட்டேன். மிச்சத்தை முதலாளியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

அவருடைய அறையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். சுவர் முழுக்க வெட்டித் திறந்த பூட்டுகள். வயிறு தெரிகிற மாதிரி உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் பித்தளைத் துண்டுகளும் தெரியும். அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு உன் குறுஞ்செய்தியை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

"அந்தப் பேரு உங்க அக்கா கம்ப்யூட்டர்லதான் இருக்கு?"

"ஆமாம்மா."

"ராத்திரி பகல் அது முன்னாடிதான் உட்கார்ந்திருக்காங்க?"

"ஆமாம்மா."

"பார்க்கலையா?"

"பார்க்கலைன்னு சொன்னா பார்க்கலைதான்" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. உன்மேல் இத்தனை கோபத்தை வைத்துக்கொண்டு, கொஞ்சம்கூட யோசிக்காமல் உனக்காக அடித்துப் பேசியிருக்கிறேன்.

அந்தம்மா பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே இருந்தார். "பிழைக்கத் தெரியாதவங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, காத்திருப்போம்" என்றார். அரங்கத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பதில் வந்ததா? தந்தியடிப்பதுபோலச் சுருக்கமாக எழுதினாலும் போதும்.

தம்பி

மார்ச் 14

தம்பிக்கு,

வந்தது. முதல் பத்து நாளும் ஒன்றுமில்லை. புத்தகமும் திரும்பவில்லை. பிறகு நூலகத்தின் பொது எண்ணுக்கு ஒரு அழைப்பு. எடுத்தது தலைமை நூலகர். என்னைக் கூப்பிட்டு, "சந்திக்கச் சம்மதமாம். ஆனா இங்கே, நம்ம சின்னக் கூட்ட அறையில. பூட்டுக்காரம்மா தனியா வரணுமாம். நாம யாரும் அந்தப் பக்கம் இருக்கக் கூடாதாம்" என்றார். குரல் எப்படி இருந்தது என்று கேட்டேன். கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அவரே பூட்டுக் கம்பெனிக்குப் போன் போட்டுச் சொல்ல, உன் முதலாளியம்மா சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்து இறங்கினார். அத்தனை தூரம் பயணம் செய்து வந்தவர் கையில் ஒரு சின்னப் பை, அதற்குள் பூட்டு. அறைக் கதவைத் திறந்துவிட்டு நான் மாடிக்குப் போய்விட்டேன். கவுண்ட்டர் அம்மாவையும் கையோடு இழுத்துக்கொண்டு போனேன். பழைய செய்தித்தாள் கட்டுகளை அடுக்குகிறோம் என்று பேர். ஒரே கட்டை எடுத்து வைத்து, திரும்ப எடுத்து வைத்துக்கொண்டிருந்தோம். கீழேயிருந்து ஒரு தடவை உன் முதலாளியம்மா சிரிப்பது கேட்டது. அப்புறம் இன்னொருவர் சிரிப்பதும் கேட்டது.

கவுண்ட்டர் அம்மா என் கையைக் கிள்ளினார். "போய்ப் பார்க்கட்டுமா?"

"கூடாது."

"படிக்கட்டு வரைக்கும்?"

"கூடாதும்மா."

இறங்கி வந்தபோது அறை காலியாக இருந்தது. முதலாளியம்மா மட்டும் வாசலில் வண்டிக்காகக் காத்திருந்தார். முகம் பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளையின் முகம்போல இருந்தது. என்னைப் பார்த்து, "உங்க தம்பி சொன்னது சரிதான்" என்றார். என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. உன் கடிதத்தில் ஏற்கெனவே படித்துவிட்டேன்.

புத்தகம் திரும்பி வந்துவிட்டது. கணினி பெயரை அழித்துவிட்டது. இனிமேல் நான் நினைத்தாலும் பார்க்க முடியாது. நிம்மதியாகவும் இருக்கிறது, வயிற்றெரிச்சலாகவும் இருக்கிறது.

அக்கா

மார்ச் 23

அக்காவுக்கு,

அரங்கம் உனக்குத்தான். விடுதி, சாப்பாடு எல்லாம் அவர் சொன்னபடியே. பேனர் வேண்டாம் என்றதில் மட்டும் மனம் மாறிவிட்டார். வாசலில் ஒன்றே ஒன்று வைத்துக்கொள்கிறாராம்.

யார் என்று கேட்டுப் பார்த்தேன். "சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்" என்கிறார். கெஞ்சியதற்கு இவ்வளவுதான் கிடைத்தது. பரிசை வேண்டாம் என்றுவிட்டாராம். ஏன் திறந்தீர்கள் என்று கேட்டதற்கு, "திறக்குமான்னு பார்க்கத்தான்" என்றாராம். ஏன் முகத்தைக் காட்டவில்லை என்று கேட்டதற்கு, "பூட்டைத் திறக்கிற கை இதுன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் என்னை வீட்டுக்குள்ள விடுவான்? என் பிழைப்பே அடுத்தவங்க வீட்டுக்குள்ள போறதுதான்" என்றாராம்.

அன்றிலிருந்து என் வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்களுடைய கையைத்தான் பார்க்கிறேன். குழாய் சரிசெய்ய வந்தவரையும், மகளுக்குப் பாட்டுச் சொல்லித்தருகிறவரையும் பார்த்தேன். இத்தனைக்கும் அவர் இருப்பது உன் ஊரில், என் ஊரில் இல்லை. என் மனைவி தலையில் அடித்துக்கொள்கிறாள்.

அந்தச் சந்திப்பில் எங்கே ஓட்டை என்று சொல்லியிருக்கிறார்போல. பொறியாளர்கள் நாலு நாளாக அறையை விட்டு வெளியே வரவில்லை. புதுப் பூட்டு தயாராகிறது.

மாநாட்டுக்கு நானும் வருவேன். பின்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். என் கம்பெனியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள் என்று கேள்விப்பட்டேன். என்னைப் பார்த்து மேடையிலிருந்து கையாட்டாதே.

தம்பி

ஜூன் 15

அக்காவுக்கு,

நேற்று உன்னோடு பேசவே முடியவில்லை. டீ இடைவேளையில் நாலு பேர் உன்னைச் சுற்றி நின்றார்கள். நடுவில் கையை நீட்டி என் சட்டையைப் பிடித்து, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாய். அதற்குள் உன்னை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சாயங்காலம் எல்லாரோடும் பேருந்தில் ஏறிப் போய்விட்டாய். மேடையில் நின்ற உனக்குப் பின்வரிசை தெரிந்திருக்காது. அதனால் எழுதுகிறேன்.

காலையில் நான் வந்தபோது அரங்கம் நிரம்பியிருந்தது. அந்த ஒற்றை அறை நூலகக்காரர்கள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்கள், பையை மடியில் வைத்துக்கொண்டு. எனக்கு இரண்டு வரிசை முன்னால் எங்கள் கம்பெனி மேலாளர், கழுத்தில் அட்டையோடு. நானும் கூட வந்த என் மனைவியும் தூணுக்குப் பின்னால் இடம் பார்த்து உட்கார்ந்தோம். பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, ஒளிந்துதான் உட்கார்ந்தேன்.

நீ நன்றி சொல்லி முடித்ததும் ஒரு நூலகர் எழுந்து கேட்டார்: "மேடம், நாங்க அடுத்த வருஷம் எங்க ஊர்ல நடத்தலாம்னு இருக்கோம். பூட்டுக் கம்பெனிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? இவங்களை எப்படிப் பிடிச்சீங்க?"

நீ மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாய். போன வருஷத்து நாற்காலியில் மறுபடியும் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. மேலாளரின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒருத்தர் சொன்னாங்க" என்றாய். "யாருன்னு அவங்களைக் கேட்காம நான் சொல்லக் கூடாது. கேட்கலை. அதனால சொல்ல மாட்டேன்."

சிலர் சிரித்தார்கள். கேட்டவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அவ்வளவுதான், நீ அடுத்த விஷயத்துக்குப் போகத் தாளைப் புரட்டிவிட்டாய். நான் பேசாமல் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. எங்கள் கம்பெனிக்குப் போட்டியான மாநாட்டுக்கு இடம் பிடித்துக் கொடுத்தது நான் என்று ஒருவருக்கும் தெரிந்திருக்காது. என் மனைவி மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். நான் எழுந்து நிற்க இடம் விட்டு, தன் கைப்பையை மடிக்கு எடுத்துக்கொண்டாள்.

எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. "நாந்தான் சொன்னேன்" என்றேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல எனக்கே கேட்டது. "இவங்க தம்பி."

அரங்கமே திரும்பிப் பார்த்தது. மேலாளரும்தான். நீ தாளைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து தேடினாய். அதை எடுக்க அவ்வளவு நேரம் ஆகாது, அக்கா.

நான் உட்கார்ந்தேன். முன்வரிசையிலிருந்து ஒரு நூலகர் திரும்பி, சத்தம் வராமல் கையைக் குவித்து என்னைக் கும்பிட்டார். அவருடைய நூலகம் எந்த ஊரில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

நாளைக் காலை மேலாளர் தன் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார். கதவைச் சாத்திக்கொண்டு என்ன சொல்வார் என்று எனக்குத் துளிகூடத் தெரியவில்லை. வேலை போகலாம். போகாமலும் இருக்கலாம். ஒரு வருஷமாகப் பயந்துகொண்டே இருந்தவன், இப்போது அவர் என்ன சொல்லப்போகிறார் என்று தெரிந்துகொள்ளத்தான் ஆசைப்படுகிறேன். எந்தச் சட்டை போட்டுக்கொள்வது என்று மகள் தேர்ந்தெடுத்து எடுத்து வைத்திருக்கிறாள்.

உன் தம்பி